மேலாளருக்குப் பின்னால் ஐந்து கிலோமீட்டர்

உலகத்தில் ஓடத் தெரிந்தவர்கள் கோடிக்கணக்கில் இருக்கலாம். யாருக்குப் பின்னால் ஓட வேண்டும் என்று தெரிந்தவர்கள் எங்கள் கிளை அலுவலகத்தில் மட்டும்தான் இருக்கிறார்கள். இதைத் தற்பெருமை என்று யாரும் நினைக்கக் கூடாது. தன்னைப் பற்றித் தானே பேசினால்தான் தற்பெருமை. நான் பத்துப் பேரைப் பற்றிப் பேசுகிறேன். அந்தப் பத்துப் பேரில் முதல் ஆள், அதாவது உதவி மேலாளர், நான் என்பது வெறும் தற்செயல்.

எங்கள் நிறுவனம் தண்ணீர்க் குழாய்கள் விற்கிறது. குழாய், வளைவு, மூடி, வால்வு என்று எல்லாவற்றுக்கும் மாதிரிகள் வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கும். இப்படி இருந்த ஓர் அலுவலகத்தைச் சரித்திரத்தில் ஏற்றியது ஒரு கைக்கடிகாரம்.

தலைமை அலுவலகப் பயிற்சி முகாமுக்குப் போன எங்கள் மேலாளர் அதைக் கட்டிக்கொண்டு திரும்பினார். அது நடப்பதை அளக்கும், தூங்குவதை அளக்கும், இதயத் துடிப்பை அளக்கும். அன்று பார்த்து லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூச்சிரைக்க இரண்டாம் மாடிக்கு ஏறி வந்தவரின் மணிக்கட்டில் அது அதிர்ந்து, "அபாரம்! இன்றைய இலக்கை எட்டிவிட்டீர்கள்" என்று எழுதிக் காட்டியது. மேலாளர் அதை மூன்று தடவை படித்தார். அவர் கண் கலங்கியது. நானும்தான் தினமும் அவரை அபாரம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் நான் சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்கிறவன். கடிகாரம் மனதாரச் சொன்னது.

மறுநாளே கூட்டம் போட்டார்.

"அடுத்த சனிக்கிழமையிலேர்ந்து காலைல நாம எல்லாரும் ஓடறோம். யாரையும் கட்டாயப்படுத்தல. விருப்பம் இல்லாதவங்க தாராளமா என் ரூமுக்கு வந்து, என் கண்ணைப் பாத்து, விருப்பம் இல்லைன்னு சொல்லலாம்."

யாரும் போகவில்லை. ஆகவே அனைவருக்கும் விருப்பம் என்பது நிரூபணமாயிற்று.

ஸ்டோர்கீப்பர் மட்டும் கையைத் தூக்கினார். அவர் உட்கார்ந்தால் நாற்காலி தெரியாது; அவ்வளவு நிறைவான மனிதர். "சார், ஓடும்போது நடுவுல நடக்கலாமா?"

"நான் நடந்தா நடக்கலாம்" என்றார் மேலாளர்.

எங்கள் ஓட்டக் குழுவின் சட்டதிட்டம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்ததுதான்.

நகரத்தின் ஓரத்தில் குடிநீர்த் தேக்கம் ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றிக் கரைமேல் ஒரு பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் கம்பி வேலி. இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் தோள் இடிக்கும். ஒரு சுற்று ஐந்து கிலோமீட்டர். மேலாளர் முன்னால் ஓடினார். அவருக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் விற்பனைப் பிரிவு, அதற்குப் பின்னால் கணக்குப் பிரிவு, கடைசியில் ஸ்டோர். யாரும் சொல்லித் தரவில்லை. கூட்ட அறையில் எந்த வரிசையில் உட்காருகிறோமோ அதே வரிசை தானாக அமைந்தது. பார்க்க எவ்வளவு அழகு!

மேலாளருக்குப் பின்னால் ஓடுவதை லேசாக நினைத்துவிடக் கூடாது. வேகமாக ஓடுவதற்குக் கால் இருந்தால் போதும். அவரைவிட மெதுவாக ஓடுவதற்கு உண்மையான ஸ்டாமினா வேண்டும். அவர் ஷூ லேஸ் கட்டக் குனிந்தால், பின்னால் பத்துப் பேரும் நின்ற இடத்திலேயே ஓட வேண்டும். அவருக்கு லேஸ் அடிக்கடி அவிழும், குறிப்பாக மேடு வரும் இடங்களில். சில நாள் குனிந்தவர் நிமிர ரொம்ப நேரம் ஆகும். நாங்கள் ஐந்து கிலோமீட்டர் ஓடினோம் என்றால், அதில் ஒரு கிலோமீட்டராவது இருந்த இடத்திலேயே ஓடியதுதான்.

நேரத்தை அளப்பதிலும் நாங்கள் ஒரு புதுமையைப் புகுத்தினோம். "ஓடும்போது ஆளுக்கொரு ஃபோனைப் பாத்துக்கிட்டிருந்தா கவனம் சிதறும்" என்று மேலாளர் எல்லாருடைய ஃபோனையும் ஒரு பையில் வாங்கித் தன் காரில் வைத்துவிடுவார். அளப்பதற்கு அவர் கடிகாரம் ஒன்று போதும். அவர் நேரத்தோடு ஒரு பதவிக்கு அரை நிமிடம் வீதம் கூட்டிக்கொண்டே போனால் மற்றவர்கள் நேரம் வந்துவிடும். கணக்கு நான் போட்டதுதான். இதனால் ஸ்டோர்கீப்பருக்கு மேலாளரின் நேரம் தெரிந்தால் தன் நேரமும் தெரியும். ஓட வேண்டிய அவசியம்கூட இல்லை. ஒரு திங்கட்கிழமை அவர் வாயெல்லாம் பல்லாக என் மேஜைக்கு வந்தார்.

"சார், போன வாரத்தைவிட ஒரு நிமிஷம் கொறைச்சுட்டேன் பாத்தீங்களா!"

"சபாஷ். ஆனா சனிக்கிழமை உங்கள அங்க பாத்த ஞாபகம் இல்லையே?"

"நான் லீவு சார். சகலை வீட்டு விசேஷம்."

வீட்டில் என் மனைவிக்கு இந்த வளர்ச்சியெல்லாம் எட்டவில்லை. நாற்பத்தொன்றரை நிமிடம் என்று நான் பெருமையாகச் சொன்னபோது, அரிந்துகொண்டிருந்த வெங்காயத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: "நீங்க ஓடினீங்களா, அவர் பின்னாடி போனீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அதைத்தான் கேட்டேன்" என்றாள்.

இப்படிப்பட்ட கட்டுக்கோப்பான குழுவில் ஒரே ஒரு களை முளைத்தது. கணக்குப் பிரிவில் ஒரு பெண். அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் எக்ஸ்பிரஸ். அவளுடைய கணவனும் ஆறு வயது மகளும் ஐந்து மணி நேர ரயில் தூரத்தில் இன்னொரு ஊரில் இருந்தார்கள். அங்கேயும் எங்களுக்கு ஒரு கிளை உண்டு. அதற்கு மாற்றல் கேட்டு அவள் கொடுத்த விண்ணப்பம் இரண்டு வருடமாக மேலாளரின் மேஜைமேல் பத்திரமாக இருந்தது. காற்றில் பறக்கக் கூடாதே என்று அதன்மேல் ஒரு பித்தளை வால்வைக்கூட அவர் வைத்திருந்தார். அவ்வளவு அக்கறை.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி ரயிலைப் பிடித்துத்தான் அவள் ஊருக்குப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையில்தான் மேலாளருக்கு வாராந்தரக் கூட்டம். ஐந்தே முக்கால் தாண்டாமல் அவர் அதை முடித்ததே கிடையாது. ரயில் நிலையமோ இரண்டு கிலோமீட்டர். "வேற ஏதாவது இருக்கா?" என்று அவர் கேட்டு முடிக்கும் முன் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும். தோளில் பை, கையில் மகளுக்கு வாங்கிய ஏதோ ஒன்று, வாரா வாரம் ஒரே ஓட்டம். அவளுக்கு அந்த ஸ்டாமினா எங்கிருந்து வந்தது? சந்தேகமில்லாமல் மேலாளர் கொடுத்தது. ஒரு நாளும் அவர் அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

சனிக்கிழமை ஓட்டம் தொடங்கியதும் அவளுடைய வெள்ளிக்கிழமை ரயில் போயிற்று. ஓட்டம் முடிந்து, அதைப் பற்றி மேலாளர் பேசி முடித்து, மத்தியான ரயிலில் போனால் அவள் வீடு சேர இரவாகிவிடும்.

"போன வாரம் நான் போறப்ப பாப்பா தூங்கிட்டா சார். ஞாயித்துக்கிழமை ஒரு அரை நாள். அவ எங்கிட்ட ஒட்டவே மாட்டேங்கிறா. யாரோ விருந்தாளி வந்த மாதிரி பாக்குறா. சனிக்கிழமை மட்டும் என்னை விட்டுடுங்க சார்" என்று என்னிடம் வந்து நின்றாள்.

"உடம்ப பாத்துக்க வேணாமாம்மா?"

"நான் உடம்புக்காக ஓடறதில்ல சார். ரயிலுக்காக ஓடறேன்."

குறிக்கோள் இல்லாத ஓட்டம் என்று நான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை அந்த விபரீதம் நடந்தது. சுற்றைச் சீக்கிரம் முடித்தால் காலை ரயிலைப் பிடிக்கலாம் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். பாதி வழியில் பின்னாலிருந்து "கொஞ்சம் வழி விடுங்க, கொஞ்சம் வழி விடுங்க" என்று குரல் வந்தது. ஒதுங்காவிட்டால் தண்ணீரில் விழ வேண்டும் என்பதால் ஒதுங்கினேன், மரியாதைக்காக அல்ல. அவள் என்னைத் தாண்டினாள். அப்புறம், எழுதக் கை கூசுகிறது, மேலாளரையும் தாண்டினாள். எங்கள் பத்து... ஒன்பது பேர் முகத்திலும் ஈயாடவில்லை. மேலாளர் உடனே குனிந்து லேஸைக் கட்டினார். அன்று அவர் நிமிர்ந்ததும் நாங்கள் எல்லாரும் வானத்தைப் பார்த்தோம்.

திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் உடன் இருந்தேன்.

"டீமோட சேந்து ஓடத் தெரியாதவங்கள இன்னொரு கிளைக்கு எப்படிம்மா நான் சிபாரிசு பண்றது? அங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"சார், அவசரத்துல..."

"கிளைகளுக்குள்ள போட்டி ஒண்ணு வருது. அது வரைக்கும் ஒழுங்கா பின்னாடி ஓடு. ஒரு நாள்கூட முந்தக் கூடாது. போட்டி முடிஞ்ச திங்கக்கிழமை உன் பேப்பர்ல கையெழுத்துப் போடறேன்."

அவள் அந்தப் பித்தளை வால்வையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி சார்" என்றாள். அன்றிலிருந்து ஸ்டோர்கீப்பருக்கும் பின்னால் ஓடினாள். காற்றாகப் போகக்கூடியவள், ஸ்டோர்கீப்பரின் முதுகைப் பார்த்துக்கொண்டு ஆறு மாதம் நடந்தாள் என்றால், ஒழுக்கத்தின் சக்தியை என்னவென்று சொல்வது!

போட்டி என்று சொன்னேன் அல்லவா, அதை அறிவித்தது தலைமை அலுவலகம்; அதைச் சூடாக்கியது பக்கத்துக் கிளை மேலாளர். இரண்டு மேலாளர்களும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரு நாள் ஃபோனில் நலம் விசாரித்தபோது அவர், "நீங்க அஞ்சு கிலோமீட்டர் எவ்வளவுல ஓடறீங்க?" என்று கேட்டுத் தொலைத்தார்.

"நீங்க?"

"இருபத்தெட்டு நிமிஷம்."

எங்கள் மேலாளர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு, "நாங்க நேரம் பாத்து ஓடறதில்ல" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

மாலையில் அவசரக் கூட்டம். பொருள்: நம் நேரம் ஏன் குறையவில்லை?

"ஷூ சரியில்ல" என்றது விற்பனைப் பிரிவு.

"காத்து எதிர்ல அடிக்குது சார்" என்றார் ஸ்டோர்கீப்பர்.

"அது வட்டப் பாதைங்க. பாதி தூரம் பின்னாலயும் அடிக்கும்" என்றாள் எக்ஸ்பிரஸ். அவள் கருத்து பதிவு செய்யப்படவில்லை.

கடைசியில் நான் எழுந்தேன். ஒரு பதவிக்கு அரை நிமிடம் கூட்டுவதற்குப் பதிலாகக் கால் நிமிடம் கூட்டலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். அது ஏகமனதாக நிறைவேறியது. ஒருவரும் நாற்காலியை விட்டு எழாமல், ஒரே கூட்டத்தில் பத்துப் பேருடைய ஸ்டாமினாவும் கூடிவிட்டது. ஸ்டோர்கீப்பருக்குத்தான் அதிக முன்னேற்றம். எல்லாரும் அவருக்குக் கை கொடுத்தார்கள்.

ஆனால் மேலாளரின் நேரத்தைக் கூட்டம் போட்டுக் குறைக்க முடியவில்லை. பக்கத்துக் கிளை சொன்ன இருபத்தெட்டு அவர் மண்டையைக் குடைந்தது. பேச்சுக்கு நடுவில் கடிகாரத்தைப் பார்ப்பார். பசிக்கும் வேளையில் ஏதோ ஒரு மாவைத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பார். இடது தோள் வலிக்கிறது என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். "ஸ்டாமினா ஏறும்போது அப்படித்தான் சார் இருக்கும்" என்று நான் தைரியம் சொன்னேன். எனக்கு மருத்துவம் தெரியாது. அவருக்கு எது பிடிக்கும் என்று தெரியும்.

போட்டி நாள் வந்தது. ஒவ்வொரு கிளையும் தத்தம் ஊரில் ஓட வேண்டும். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பார்வையாளர் நிஜமான கடிகாரத்தோடு வந்து முடிவிடத்தில் நிற்பார். அவர் வந்த காரின் பக்கத்தில் எங்கள் காரும், அதற்குள் எங்கள் ஃபோன் பையும், தண்ணீரும் இருந்தன. மேலாளர் எக்ஸ்பிரஸைத் திரும்பிப் பார்த்து ஒரு விரலை ஆட்டினார். "திங்கக்கிழமை" என்றார். அவள் தலையசைத்துவிட்டுக் கடைசிக்குப் போனாள்.

மேலாளர் அன்று பறந்தார். லேஸ் ஒரு தடவைகூட அவிழவில்லை. பழக்கமில்லாத வேகத்தில் பின்தொடர்ந்து எங்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கடைசித் திருப்பத்தைத் தாண்டினோம். தூரத்தில் கார்கள் சின்னதாகத் தெரிந்தன. அப்போது மேலாளர் நின்றார். நெஞ்சில் கையை வைத்தார். பாதையின் குறுக்கே அப்படியே உட்கார்ந்து, வேலிப் பக்கம் சாய்ந்தார். முகம் வெளிறி, வேர்த்து ஊற்றியது.

நாங்கள் என்ன செய்தோம்? வரிசை கலையாமல் நின்ற இடத்திலேயே ஓடினோம்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் இது லேஸ் இல்லை என்று உறைத்தது. மேலாளர் வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. அவர் மணிக்கட்டில் கடிகாரம் அதிர்ந்தது. குனிந்து படித்தேன். "ஓய்வெடுக்கிறீர்களா? தொடர்ந்து ஓடுங்கள், இலக்கு அருகில்தான்!" என்றது.

"யாராவது போய் ஃபோன் பண்ணணும் சார்" என்றது விற்பனைப் பிரிவு.

"ஃபோன் கார்ல இருக்கு."

"கார் முன்னால இருக்கு."

"அப்ப சாரைத் தாண்டிப் போகணுமே" என்றார் ஸ்டோர்கீப்பர்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பதவி வரிசைப்படி அந்த உரிமை எனக்குத்தான். என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அடுத்த நாற்காலி என்னுடையது. அவர் விழுந்த மறு நிமிடமே நான் தாண்டிப் போனால் நாளைக்கு ஊர் என்ன பேசும்? ‘அவர் எப்படா விழுவார்னு காத்துக்கிட்டிருந்தான்’ என்று பேசாதா? பிழைத்து எழுந்தால் அவரே என்ன நினைப்பார்? அந்த இடத்திலேயே அவசரக் கூட்டம் கூட்டினேன். மேலாளரும் அங்கேயே இருந்ததால் தலைமைக்குக் குறைவில்லை.

"நீங்க போங்களேன்" என்று விற்பனைப் பிரிவைக் கேட்டேன்.

"உங்களையும் தாண்டி, அவரையும் தாண்டியா? ரெண்டு பேர் கோபத்த நான் தாங்க மாட்டேன் சார்."

ஸ்டோர்கீப்பர் ஒரு யோசனை சொன்னார். "சாரைத் தூக்கி முன்னால பிடிச்சுக்கிட்டு நாம பின்னால போனா என்ன? அப்பவும் அவர்தானே முதல்ல?"

அற்புதமான யோசனை. நான்கு பேர் குனிந்து தூக்கினோம். ஆறு மாதம் நாங்கள் வளர்த்த ஸ்டாமினா அவரைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தியது. மறுபடி உட்கார வைத்துவிட்டோம். எங்களுக்கு மூச்சு வாங்கியது; அவருக்கு அதுவும் சரியாக வாங்கவில்லை.

அப்போதுதான் வரிசையின் கடைசியிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"வழி விடுங்க."

"ஏம்மா, கூட்டம் நடந்துகிட்டிருக்கு" என்றேன்.

"அறிவில்ல உங்களுக்கெல்லாம்? மனுஷன் செத்துக்கிட்டிருக்காரு. நகருங்க!"

"திங்கட்கிழமைய நினைச்சுப் பாரும்மா. உன் பேப்பர்..."

அவள் ஒரு கணம் நின்றாள். நான் பொய் சொல்லவில்லை, நின்றாள். மேலாளரின் வலது கையைப் பார்த்தாள், கையெழுத்துப் போடும் அந்தக் கையை. அது வேலிக் கம்பியைப் பிடிக்கப் பார்த்து வழுக்கிக்கொண்டிருந்தது. பிறகு என் தோளை ஒரு தள்ளு தள்ளி, அவருடைய நீட்டிய கால்களைத் தாண்டிக் குதித்து ஓடினாள். அப்படி ஒரு ஓட்டத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமைகளில் செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

முடிவிடத்தில் பார்வையாளர் கடிகாரத்தை அழுத்தி, "வெரிகுட்! பேர் சொல்லும்மா" என்றாராம். "பேரா? வண்டிய எடுங்க முதல்ல" என்று அவர் காருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டாளாம். கரைமேல் கார் வரக் கூடாது என்ற அறிவிப்புப் பலகையை இடித்துக்கொண்டு அந்தக் கார் வந்தது. மேலாளரை ஏற்றிக்கொண்டு போயிற்று.

மருத்துவமனையில் டாக்டர் வெளியே வந்தார். "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கஷ்டம்தான். நல்ல வேளை, யாரோ ஓடிப் போய் வண்டி கொண்டாந்தாங்களாமே, யாரு அது?"

"எங்க டீம் டாக்டர்" என்றேன். நான் தனி மனிதப் புகழ்ச்சியை ஊக்குவிப்பவன் அல்ல.

அன்று வீட்டுக்குப் போனதும் மனைவி கேட்டாள்: "அவர் விழுந்தப்ப நீங்க என்ன பண்ணீங்க?"

"நின்னேன்."

"எங்க?"

"பின்னாடி."

அவள் கையிலிருந்த காப்பியை என் எதிரே ‘டக்’கென்று வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நிர்வாகத்தைப் பற்றிக் குடும்பத்தில் பேசவே கூடாது.

இரண்டு நாள் கழித்து மேலாளரைப் பார்க்க அனுமதித்தார்கள். மூக்கில் குழாய், எங்கள் தயாரிப்பு அல்ல. என்னைக் கண்டதும் கையால் கிட்டே கூப்பிட்டார். நான் காதைக் கொடுத்தேன்.

"யாராவது... முந்தினாங்களா?"

பொய் சொல்ல எனக்கு வராது. "ஒருத்தர்தான் சார். எக்ஸ்பிரஸ்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே, "என் கண்ணு முன்னால அவ நிக்கக் கூடாது. எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்துக்கு மாத்துங்க" என்றார்.

தண்டனை என்றால் நான் தயவு தாட்சண்யம் பார்ப்பதில்லை. சுவரில் இருந்த கிளைகளின் வரைபடத்தில் அளவுகோலை வைத்து அளந்தேன். எல்லாவற்றிலும் தொலைவான கிளை எதுவோ அதற்கே அவளைத் தூக்கி அடித்தேன். அது அவள் கணவனும் மகளும் இருக்கும் ஊர் என்று ஸ்டோர்கீப்பர் காதில் கிசுகிசுத்தார். அதற்கு நான் என்ன செய்ய? தூரம் தூரம்தான். பித்தளை வால்வுக்கு அடியில் இருந்த அந்தப் பழைய விண்ணப்பத்தையும் ஒழுங்கீனத்துக்கு ஆதாரமாகக் கூடவே இணைத்தேன்.

ஆணையைக் கையில் வாங்கிய அவள் அதை இரண்டு தடவை படித்தாள். உட்கார்ந்து அழுதாள். பிறகு சிரித்தாள். தண்டனையின் கடுமையில் புத்தி பேதலித்துவிட்டது போலிருக்கிறது.

"இன்னிக்கே கிளம்பலாமா சார்?"

அன்று வெள்ளிக்கிழமை இல்லை. கூட்டமும் இல்லை. ரயிலுக்கு நிறைய நேரம் இருந்தது. ஆனாலும் மாடிப்படியில் அவள் ஓடுகிற சத்தம் கேட்டது.

அதன் பிறகு நடந்தவை எல்லாம் நல்லவை. பார்வையாளர் அழுத்திய கடிகாரத்தின்படி எங்கள் கிளையின் ‘முதல் ஆள்’ பக்கத்துக் கிளையின் முதல் ஆளுக்குப் பத்து நிமிடம் முன்பே வந்துவிட்டதால், எங்களுக்குக் கேடயம் கிடைத்தது. அவர்கள் சொன்ன இருபத்தெட்டு நிமிடம் ஃபோனில் மட்டும் ஓடியதாம். கூட்டம் நடந்த நேரத்தைக் கழித்திருந்தால் இன்னும் முன்னேற்றம் தெரிந்திருக்கும். மேலாளர் ஓய்வில் போனார். அந்த நாற்காலி, நான் ஆசைப்படாமலேயே, எனக்கு வந்தது. கூடவே கடிகாரமும் வந்தது. "இது இனிமே எனக்கு வேணாம்" என்று அவரே கழற்றிக் கொடுத்தார்.

ஓட்டக் குழுவை நான் கைவிடவில்லை. சனிக்கிழமைதோறும் இப்போது முன்னால் ஓடுவது நான். முதுகுக்குப் பின்னால் எட்டுப் பேரின் காலடி சீராகக் கேட்கும். அதைக் கேட்பதில் இருக்கிற சுகமே தனி. பக்கத்துக் கிளை மேலாளர் போன வாரம் ஃபோன் செய்து தன் நேரம் இருபத்தேழு என்றார். நானும் நேரம் பார்த்து ஓடுவதில்லை என்றுதான் சொன்னேன். அன்று மத்தியானம் எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

நேற்று முன்தினம் இரவு இடது தோள் கொஞ்சம் வலித்தது. மனைவியிடம் சொல்லவில்லை. எக்ஸ்பிரஸுக்கு ஃபோன் செய்தேன். பின்னால் ஒரு குழந்தை ஏதோ பாடிக்கொண்டிருந்தது.

"சும்மாதாம்மா கூப்பிட்டேன். சனிக்கிழமை ஓட்டத்துக்கு ஒரு சிறப்பு விருந்தினரா நீ வரலாமே. ரயில் டிக்கெட் கம்பெனி செலவு."

"முந்தலாமா சார்?"

"அது... அவசியம் வந்தா முந்தலாம்."

"அவசியம் வராதப்பவும் முந்தலாம்னா சொல்லுங்க சார், வர்றேன்" என்றாள். பிறகு, "பாப்பா கூப்பிடறா" என்று வைத்துவிட்டாள். எவ்வளவு திமிர்!

இன்று காலை இருபத்தேழை மனதில் வைத்து ஓடினேன். கடைசித் திருப்பத்தைத் தாண்டியதும் கார் சின்னதாகத் தெரிந்தது. நெஞ்சுக்குள் யாரோ ஒரு வால்வைப் பிடித்து மெல்லத் திருகுவது போல இருந்தது. நின்றேன். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மணிக்கட்டில் கடிகாரம் அதிர்ந்தது. எனக்குப் பயமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பப் பயமாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன்.

எட்டுப் பேரும் வரிசை கலையாமல், நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட ஓர் அடி முன்னால் வைக்கவில்லை. நானே பார்த்துப் பார்த்துத் தயார் செய்தவர்கள். ஸ்டோர்கீப்பர் கடைசியிலிருந்து எட்டிப் பார்த்தார். என் முகத்தில் இருந்த பயத்தை அவர் சரியாகப் புரிந்துகொண்டுவிட்டார். கண்ணில் அவ்வளவு பாசம், குரலில் அவ்வளவு விசுவாசம்.

"பயப்படாதீங்க சார்" என்றார். "எங்கள்ல யாரும் உங்களைத் தாண்டிப் போக மாட்டோம்."